11 மீட்டர் காலி செய்ய முடியாத இடத்தில் வெல்டிங்: பர்மிட்டில் எதை எழுதுவது, வேலை முடிந்தபின் எவ்வளவு நேரம் காவல்?

#1 புதுப்பர்மிட்

வணக்கம். ஒரு வேலைக்கு ஹாட் வொர்க் பர்மிட் (நெருப்பும் பொறியும் வரும் வேலைக்கான அனுமதிச் சீட்டு) எழுத வேண்டும். இடம், பேக்கிங் கிடங்கு. 6 மீட்டர் உயரத்தில் மெஸனைன் மேடை (இடைத்தளம்), அதன் விளிம்புத் தூண்களில் நான்கு பழைய பிராக்கெட். காஸ் கட்டரில் அறுத்து எடுத்துவிட்டு, புதியதை ஆர்க் வெல்டிங்கில் பிடிக்கச் சொல்கிறார்கள். கீழே அட்டைப்பெட்டி அடுக்கு. பாதியை நகர்த்தலாம், மீதி நிலையான ரேக்கில் இருக்கிறது. தூண்களுக்குப் பின்னால் சாண்ட்விச் பேனல் சுவர், உள்ளே என்ன ஃபோம் என்று யாருக்கும் தெரியவில்லை. தலைக்கு மேல் ஒன்றரை மீட்டரில் கேபிள் ட்ரே.

பர்மிட் படிவத்தில் "11 மீட்டருக்குள் எரியும் பொருள் இல்லை" என்று ஒரே ஒரு கட்டம். டிக் போட்டால் பொய். போடாவிட்டால் வேலை நிற்கும்.

கேள்வி மூன்று. இந்த 11 மீட்டரை எங்கிருந்து எதுவரை அளப்பது? நகர்த்த முடியாததை எதனால் மூடுவது? வேலை முடிந்தபின் தீ எழுகிறதா என்று ஆள் நின்று பார்க்கும் காவல் 30 நிமிடமா, 60 நிமிடமா?

#2 ஈரச்சாக்கு

மூன்று கேள்விக்கும் முன்னால் நான்காவது ஒன்று இருக்கிறது. இங்கே நெருப்பே இல்லாமல் இந்த வேலையை முடிக்க முடியாதா?

புது பிராக்கெட்டைப் பட்டறையிலேயே ஒரு பிளேட்டில் வெல்டிங் செய்து கொண்டுவந்து, தூணில் போல்ட் போட்டோ கிளாம்ப் போட்டோ பிடிக்கலாம். தூணில் புதிதாகத் துளை போடுவதென்றால் கட்டமைப்பு பொறியாளரிடம் கேட்காமல் கை வைக்கக் கூடாது. கிளாம்புக்குத் துளை வேண்டாம், ஆனால் அதன் சுமை அளவையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

அது முடியாவிட்டாலும் பழையதை எடுப்பதற்காவது காஸ் கட்டர் வேண்டாம். கையில் பிடிக்கும் பேண்ட் சா (பட்டை ரம்பம்) மெதுவான வெட்டு, பொறி பறக்காது. ஆர்க் வெல்டிங்கில் சொட்டு தெறிக்கும், சரி. காஸ் கட்டிங்கில் நடப்பது வேறு. ஆக்ஸிஜன் பீய்ச்சி உருகிய இரும்பை வேண்டுமென்றே வெளியே தள்ளுகிறோம். வெட்டின் அடிப்பக்கம் மொத்தமும் கீழே கொட்டும் இரும்புக் குழம்புதான். கட்டரை மட்டும் எடுத்துவிட்டாலே இந்த வேலையின் ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும்.

#3 பொறிகாவலன்

#2 சொன்னதை முதலில் முடியுங்கள். பிறகு இதைப் படியுங்கள்.

11 மீட்டர் என்பது 35 அடி. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 51பி தரத்திலும், அந்நாட்டுப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியிலும் இருக்கும் அளவு. வெல்டர் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் போடும் வட்டம் அது என்று நினைப்பதுதான் வழக்கமான தப்பு. சமதரையில் செய்யும் வேலைக்கு அந்தக் கணக்கு சரி. உயரத்தில் வேலை என்றால் வட்டம் கூம்பாக விரிகிறது. 6 மீட்டர் கீழே விழ ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 11 மீட்டருக்குப் பக்கம். இரும்பு உருகுவது 1500 டிகிரி அளவில், அட்டை பற்றிக்கொள்ள 250 டிகிரிக்கு அருகில் போதும். அந்த ஒரு விநாடியில் பெரிய சொட்டு ஒன்றும் ஆறிவிடாது. பறக்கும்போதே காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு எரிந்து தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் பொறியும் உண்டு.

தரையில் மோதினால் அது உடைந்து நான்கு திசைக்கும் உருளும். உருண்டு போய் நிற்கும் இடம்தான் பிரச்சினை: ரேக்கின் அடிப்பலகை, கதவின் அடி இடுக்கு, வடிகால், தரையில் குழாய் நுழையும் துளை, கட்டடத்தின் விரிவு இணைப்பு. ஆகவே 11 மீட்டர் கிடைமட்டமாக, வேலை செய்யும் மட்டத்திலும் அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு மட்டத்திலும் தனித்தனியாக. காற்று வீசும் இடமானால் காற்றுத் திசையில் அதைவிடக் கூடுதல் தூரம். மெஸனைன் தரை கம்பிவலை கிரேட்டிங் என்றால் அதைத் தரையாகவே எண்ணாதீர்கள், சல்லடை அது.

கீழே எதில் விழுகிறது என்று தெரியாமல் வெல்டிங் செய்ததற்கு 1996 ஏப்ரல் 11 அன்று டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் நடந்தது எடுத்துக்காட்டு. மேல்மட்டச் சாலையின் விரிவு இணைப்பில் வெல்டிங். உருகிய சொட்டு இடுக்கு வழியே இறங்கி, கீழே இருந்த கட்டடத்தின் கூரைக்குள் இருந்த பாலிஸ்டைரீன் காப்பைப் பற்றவைத்தது. 17 பேர் இறந்தார்கள். மேலே வேலை செய்தவர்களின் கண்ணுக்கு அந்த ஃபோம் தெரிய வழியே இல்லை.

உங்கள் படிவத்தின் கட்டத்தில் டிக் போடாதீர்கள். அதன் அருகில் "இருக்கிறது" என்று எழுதி, என்னென்ன, எங்கே, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தோம் என்று இணைப்புத் தாள் போடுங்கள். நகர்த்த முடியாததை மூடிக் காவல் போட்டு வேலை செய்ய அந்தத் தரமே அனுமதிக்கிறது. இருப்பதை இல்லை என்று எழுதச் சொல்லவில்லை.

#4 பட்டறைத்தம்பி

கீழே ஈரச் சாக்கு விரிச்சா போதுமே அண்ணே? எல்லா இடத்துலயும் அதைத்தானே பண்றாங்க.

#5 ஈரச்சாக்கு

என் பெயரைப் பார்த்து நம்பிவிடாதீர்கள் தம்பி. அது ஒரு கிண்டலுக்கு வைத்த பெயர்.

சாக்கு சணல். ஈரமாக இருக்கும்வரை நீர் ஆவியாகிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். கட்டிங் குழம்பு ஒரே இடத்தில் விழுந்தால் அந்த இடம் நிமிடங்களில் காய்ந்துவிடும். காய்ந்த சணலைவிட நல்ல விறகு கிடையாது. யாராவது விடாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி நனைத்தால் நீர் ஓடி ஆர்க் வெல்டர் நிற்கும் இடம் ஈரமாகும், எலக்ட்ரோடு ஹோல்டரில் சும்மா இருக்கும்போதே 80 வோல்ட் அளவுக்கு இருக்கும். மேலே வெல்டிங், கீழே ஈரம் என்றால் பரவாயில்லை. ஒரே மட்டத்தில் இரண்டும் கூடாது.

தார்ப்பாய் அதைவிட மோசம். "தீ தடுப்புத் தார்ப்பாய்" என்று விற்பது தீக்குச்சிச் சுடருக்குத் தாங்கலாம். உருகிய சொட்டு அதில் துளை போட்டு அடியில் போய் உட்காரும், மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வாங்க வேண்டியது வெல்டிங்குக்கென்றே சான்று பெற்ற துணி. மூன்று வகை இருக்கிறது, மாற்றிப் போடக் கூடாது. திரை: நேராகத் தொங்கவிட, பக்கவாட்டில் தெறிப்பதைத் தடுக்க. போர்வை: கிடையாக விரித்து, லேசானதிலிருந்து நடுத்தரம் வரையான தெறிப்புக்கு. பேட்: தடிப்பானது, கட்டிங் குழம்பு நேராகக் கொட்டும் இடத்துக்கு. திரையைக் கீழே விரித்து அதன்மேல் கட்டிங் செய்தால் ஓட்டை விழும். கண்ணாடி இழை தொடர்ந்து தாங்குவது சுமார் 550 டிகிரி, சிலிகா துணி 1000 டிகிரிக்குப் பக்கம். நேராக விழும் இடத்துக்குச் சிலிகா பேட், சுற்றிலும் கண்ணாடி இழை போர்வை என்று பிரித்துக்கொள்ளலாம்.

ரேக்கை மூடும்போது மேலிருந்து தொங்கவிட்டு அடியில் மடித்து உள்ளே செருகுங்கள். இரண்டு போர்வை சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், கூரை ஓடு மாதிரி, சொட்டு உருளும் திசையைப் பார்த்து. போர்வைக்கு மடிப்பு விழுந்து பள்ளம் ஆனால் அங்கே சொட்டுகள் சேர்ந்து குவியும். தனித்தனியாகத் தாங்கும் துணி குவியலைத் தாங்காது.

இதெல்லாம் இரண்டாம் வரிசை. மேலே, வேலை செய்யும் இடத்துக்கு நேர் கீழே, இரும்புத் தகட்டில் விளிம்பு மடித்த தட்டு ஒன்றைக் கட்டி, அதில் ஒரு விரல் கனத்துக்கு உலர்ந்த மணல் போடுங்கள். சொட்டில் பெரும்பகுதி கீழே போகவே போகாது. எளிய வழி, ஏனோ யாரும் செய்வதில்லை.

#6 கேஸ்மீட்டர்

பேனல் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. இந்த வேலையில் எனக்குப் பயம் அட்டைப்பெட்டியைப் பற்றி அல்ல, அந்தச் சுவரைப் பற்றித்தான். அட்டை எரிந்தால் கண்ணில் படும்.

சாண்ட்விச் பேனல் என்பது இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே காப்புப் பொருள். தகட்டின் வெட்டு விளிம்போ, குழாய் நுழைந்த துளையோ எங்காவது இருக்கும். அங்கே மூடுபட்டியைக் கழற்றிப் பாருங்கள். நார் நாராகப் பிரிந்தால் பாறைக் கம்பளி, எரியாது. வெள்ளை மணிகள் உதிர்ந்தால் தெர்மோகோல், அதாவது பாலிஸ்டைரீன். மஞ்சள் நிறத்தில் நகம் அழுத்தினால் பதியும் கெட்டி ஃபோம் என்றால் பாலியூரிதேன் அல்லது அதன் உறவு. எதென்று உறுதியாகத் தெரியாவிட்டால் எரியும் என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

பாலிஸ்டைரீன் 100 டிகிரி அளவிலேயே இளகிச் சுருங்கும். சுருங்கியதும் தகடுகளுக்கு நடுவே காலி இடம் உண்டாகிறது. அது புகைபோக்கி. நெருப்பு உள்ளே பிடித்தால் சுவர் நெடுக மேலேறும், வெளித்தகடு வெறும் சூடாக இருக்கும், நீர் அடித்தாலும் தகட்டில் பட்டு வழியும். பாலியூரிதேன் உருகாது, கரியும். உள்ளேயே நெடுநேரம் புகைந்து பின்னால் வெடித்தெழும்.

பொறி தகட்டில் பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆபத்து கடத்தலில். பிராக்கெட் இருக்கும் தூணும் பேனலும் ஒன்றையொன்று தொடுகின்றனவா? பேனலைப் பிடித்திருக்கும் திருகு அதே தூணில் இறங்கியிருக்கிறதா? அப்படியென்றால் வெல்டிங் சூடு தூண் வழியே திருகுக்கும், திருகு வழியே ஃபோமுக்கும் நேராகப் போகும். அங்கே போர்வை போட்டுப் பயனில்லை. அந்தப் பேனலைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் நெருப்பு வேலை கூடாது. நடுவழி கிடையாது. தூணுக்கும் பேனலுக்கும் இடைவெளி இருந்தால் நடுவே காற்றோடும்படி இரண்டு அடுக்குச் சிலிகா துணியைத் தொங்கவிட்டு, வெல்டிங்கைச் சிறு சிறு தையலாக இட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையே தூண் கை வைக்கும் சூட்டுக்கு ஆறும்வரை நிறுத்தி வேலை செய்யலாம்.

காவலுக்கு ஒருவர் சுவரின் அந்தப் பக்கம் நிற்க வேண்டும். இதைச் சொன்னால் "அது பக்கத்துப் பிரிவு" என்பார்கள். நெருப்புக்குப் பிரிவு தெரியாது.

#7 நேரக்கணக்கு

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். 30 நிமிடம் போதும். ஓஷா 1910.252 விதியில் குறைந்தது அரைமணி என்றுதான் இருக்கிறது. எங்கும் அதுவே நடைமுறை. ஒரு மணி நேரம் ஆளை நிறுத்தச் சொன்னால் காகிதத்தில் மட்டும்தான் நிற்பார்.

#8 பொறிகாவலன்

> ஒரு மணி நேரம் ஆளை நிறுத்தச் சொன்னால் காகிதத்தில் மட்டும்தான் நிற்பார்.

அரைமணி விதியிலும் காகிதத்தில் நிற்பவர் நிற்கத்தான் செய்கிறார். அது நேரத்தின் குற்றமல்ல.

விதியில் இருப்பது குறைந்தபட்சம். என்எஃப்பிஏ 51பி முன்பு அரைமணி என்றுதான் வைத்திருந்தது, 2019 பதிப்பில் ஒரு மணி நேரமாக உயர்த்தியது. காரணம் நீறுபூத்த நெருப்பு. அட்டை அடுக்கின் இடுக்கில், மரத்தூளில், ஃபோமில், கேபிள் ட்ரே தூசியில் விழுந்த கங்குக்குக் காற்று குறைவு. சுடர் இருக்காது, புகையும் அடுக்குக்குள்ளேயே தங்கும். மெல்ல அரித்துக்கொண்டு போய்க் காற்று கிடைக்கும் ஓரத்தைத் தொடும்போதுதான் பற்றும். அதற்கு 20 நிமிடமும் ஆகலாம், பல மணி நேரமும் ஆகலாம். திறந்த தரையில், சுற்றிலும் இரும்பு மட்டும் உள்ள பட்டறையில் அரைமணிக்கு நான் சண்டை போடமாட்டேன். இவர் சொல்லும் இடத்தில் அட்டை, ஃபோம், கேபிள் மூன்றும் இருக்கின்றன. குறைந்தது 60 நிமிடம் ஆள் நின்று காவல், அதன்பின் 3 மணி நேரம்வரை இடைவெளி விட்டுச் சுற்றிப் பார்வை.

நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதிலும் ஏமாற்றிக்கொள்கிறோம். ஆர்க் அணைந்த நேரத்திலிருந்து அல்ல. கடைசிப் பொறியிலிருந்து. வெல்டிங் முடிந்து கிரைண்டரில் தேய்த்துச் சரிசெய்தால் கிரைண்டர் நின்ற நேரம்தான் கணக்கு. சாப்பாட்டு இடைவேளையும் ஒரு முடிவுதான், எல்லோரும் இறங்கிப் போகும் அந்த நேரத்தில் காவலர் மட்டும் போகக் கூடாது. வேலையை ஷிப்ட் முடிவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக நிறுத்தும்படி திட்டமிட்டால் காவலுக்கு ஆள் தேடும் சண்டையே வராது.

#9 நேரக்கணக்கு

கடைசிப் பொறி கணக்கை ஒப்புக்கொள்கிறேன். பெரும்பாலான படிவங்களில் "வேலை முடிந்த நேரம்" என்று ஒரே கட்டம்தான், அதில் கிரைண்டிங் சேர்வதில்லை. ஆனால் இத்தனை நேரம் நிற்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. தெர்மல் கேமரா கொடுத்துவிட்டால் 30 நிமிடம் போதாதா?

#10 பொறிகாவலன்

கேமரா நல்ல துணை. மேற்பரப்பின் சூட்டைத்தான் காட்டும், அடுக்குக்குள்ளே பார்க்காது. பளபளக்கும் தகட்டில் சுற்றியுள்ளவற்றின் சூடு பிரதிபலித்துப் பொய் சொல்லும். பேனல் தகட்டில் ஒரு துண்டு மங்கலான டேப் ஒட்டி அதைக் குறிபார்த்தால் ஓரளவு நம்பலாம். வேலைக்கு முன் ஒரு படம், முடிந்ததும் ஒன்று, பிறகு 15 நிமிடத்துக்கு ஒன்று. எந்த இடமாவது ஆறாமல் நின்றாலோ ஏறினாலோ அங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். நேரத்தைக் குறைக்க அது சாக்கு ஆகாது.

காவலர் செய்ய வேண்டியது:

வேறு எந்த வேலையும் அவர் கையில் இருக்கக் கூடாது. எலக்ட்ரோடு எடுத்துக் கொடுப்பது, ஏணி பிடிப்பது, ரேக் எண் குறிப்பது எதுவும். வெல்டரின் உதவியாளரையே காவலர் என்று எழுதுவது பர்மிட்டில் நடக்கும் மிகச் சாதாரணப் பொய்.

வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது என்பதை வெல்டருக்கு அவர் முன்னிலையிலேயே சொல்ல வேண்டும்.

உங்கள் இடத்துக்கு மூன்று பேர். மேடையில் ஒருவர், கீழே ஒருவர், பேனலுக்குப் பின்னால் ஒருவர். மேடையில் நிற்பவருக்குக் கீழே ரேக்கின் பின்புறம் தெரியாது. மூவருக்கும் பேசும் கருவி.

கீழே நிற்பவர் கையில் நீர். 9 லிட்டர் நீர் அணைப்பான், அதோடு வால்வு திறந்து அழுத்தம் ஏற்றிய ஹோஸ். அட்டைப்பெட்டிக்கு உலர் பொடி அடித்தால் சுடர் சட்டென்று விழும், உள்ளே கங்கு அப்படியே இருக்கும், பத்து நிமிடத்தில் மறுபடி எழும். கார்பன் டை ஆக்சைடும் அப்படித்தான். அது மேலே மின்சாரம் உள்ள ட்ரேக்கு. ஆக மேலே கார்பன் டை ஆக்சைடு, கீழே நீர்.

#11 பட்டறைத்தம்பி

கேபிள் ட்ரேயை மூடணுமா? பொறி மேல போகாதே.

#12 ஈரச்சாக்கு

கிரைண்டர் பொறி வட்டு சுற்றும் திசையில் போகும், கை எப்படிப் பிடிக்கிறதோ அப்படி. மேல்நோக்கிப் பிடித்தால் ட்ரேயில்தான் விழும். முதலில் ட்ரேயில் படிந்த தூசியை வாக்யூமில் உறிஞ்சி எடுங்கள், அட்டைக் கிடங்கில் அந்தத் தூசி முழுக்கக் காகித நார். ஊதித் தள்ளாதீர்கள், காற்றில் மிதக்கும் அதே தூசி இன்னும் மோசம். பிறகு அடியில் போர்வை கட்டுங்கள். சுமை ஓடும் கேபிளைச் சுற்றிலும் பொதிந்து விடாதீர்கள், சூடு வெளியேற வழியில்லாமல் போகும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

#13 சிவப்புச்சிலிண்டர்

கடைசியில் காஸ் கட்டர்தான் என்று முடிவானால் இதைப் பாருங்கள். வேகமாக எழுதுகிறேன்.

சிலிண்டர்கள் மேடையில் வேண்டாம், பொறி விழும் கூம்புக்குள்ளும் வேண்டாம். கீழே ஓரமாக, நிமிர்த்தி, சங்கிலி போட்டு. அசெட்டிலீன் (கட்டரின் எரிவாயு) சிலிண்டரைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்திச் சில மணி நேரம் விட வேண்டும். உள்ளே நுண்துளைப் பொருளில் அசெட்டோன் ஊறியிருக்கிறது, அதில்தான் வாயு கரைந்திருக்கிறது. படுக்கவைத்தால் அசெட்டோன் ரெகுலேட்டருக்கு வரும்.

ரெகுலேட்டர் இரண்டிலும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் (ஹோஸுக்குள் திரும்பி ஓடும் நெருப்பை நிறுத்துவது), டார்ச் முனையில் திரும்பாத வால்வு. திரும்பாத வால்வு வாயு பின்னோக்கி ஓடுவதைத்தான் நிறுத்தும், நெருப்பை நிறுத்தாது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது தவறு.

அசெட்டிலீன் வேலை அழுத்தம் 1 பாருக்கு மேல் கூடாது, 15 பிஎஸ்ஐ. அதற்கு மேல் அது காற்றே இல்லாமல் தானாகச் சிதைந்து வெடிக்கும். வால்வை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திறக்க வேண்டாம், சாவி அதிலேயே இருக்கட்டும், அவசரத்தில் ஒரே திருகலில் மூட. இணைப்புக்குச் செம்புக் குழாய் போட்டால் செம்பு அசெட்டிலைடு உண்டாகும், தட்டினாலே வெடிக்கும்.

ஆக்ஸிஜன் பக்கம் எண்ணெய், கிரீஸ், எண்ணெய்க் கை எதுவும் கூடாது. கசிவு பார்க்க எண்ணெய் கலக்காத சோதனைக் கரைசல். ஆக்ஸிஜனைப் பீய்ச்சி உடையில் உள்ள தூசியைத் தட்டுவதை எங்கே பார்த்தாலும் நிறுத்துங்கள். காற்றில் அது 21 சதம். ஒரு சில சதம் ஏறினாலே பருத்தி உடை பந்தம் மாதிரி எரியும், துணிக்குள் புகுந்த ஆக்ஸிஜன் உடனே போகாது.

பற்றவைக்கும் முன் ஒவ்வொரு ஹோஸையும் தனித்தனியாகத் திறந்து சற்று ஓடவிட்டு மூடுங்கள். பெரும்பாலான ஃப்ளாஷ்பேக் ஹோஸுக்குள் இரண்டும் கலந்து இருந்ததால் வருவது. டார்ச்சுக்குள் "உய்ங்" என்று கீச்சுச் சத்தம் கேட்டால் நெருப்பு உள்ளே போயிருக்கிறது. முதலில் ஆக்ஸிஜனை மூடுங்கள், உடனே எரிவாயுவை, பிறகு சிலிண்டர் வால்வுகளை. ஆறியபின் நாசிலையும் அரெஸ்டரையும் பார்க்காமல் மறுபடி பற்றவைக்கக் கூடாது.

அசெட்டிலீன் சிலிண்டர் நெருப்பில் மாட்டினால் நெருப்பு அணைந்தாலும் கிட்டே போகாதீர்கள், நகர்த்தாதீர்கள். உள்ளே சிதைவு தொடங்கியிருந்தால் வெளியே நெருப்பில்லாமலே சூடேறும். தொலைவிலிருந்து நீர் மட்டும். தீயணைப்பு வண்டி வந்ததும் முதலில் சொல்ல வேண்டிய தகவல், சிலிண்டர் எத்தனை, எங்கே.

சேமிப்பில் ஆக்ஸிஜனும் எரிவாயுவும் 6 மீட்டர் தள்ளி, அல்லது நடுவே ஒன்றரை மீட்டர் உயரத்தில் அரைமணி தீ தாங்கும் சுவர்.

#14 கேஸ்மீட்டர்

ஆர்க் பக்கம் ஒன்று. எர்த் கிளாம்பை (மின்னோட்டம் மெஷினுக்குத் திரும்பும் கேபிளின் கவ்வி) வெல்டிங் செய்யும் துண்டிலேயே, தையலுக்கு அருகில், பெயின்ட் சுரண்டிய இடத்தில் மாட்டுங்கள். "எல்லாம் ஒரே இரும்புதானே" என்று 20 மீட்டர் தள்ளித் தூணில் மாட்டினால் மின்னோட்டம் தன் வழியைத் தானே தேடும். ரேக்கின் தளர்ந்த போல்ட், கிரேன் கம்பிக்கயிறு, பேரிங், குழாய் இணைப்பு. தளர்ந்த இடம் சூடாகிப் பொறி விடும், அங்கே காவலுக்கு யாரும் நிற்கமாட்டார்கள்.

#15 பட்டறைத்தம்பி

கொஞ்சம் வெளியே போற கேள்வி. டீசல் டேங்கைக் காலி பண்ணிட்டு மீட்டர் விட்டுப் பார்த்தா எல்ஈஎல் (தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆவியில எவ்வளவு இருக்குங்கற அளவு) பூஜ்யம் காட்டுது. வெல்டிங் பண்ணலாம்தானே?

#16 கேஸ்மீட்டர்

கூடாது. இந்தக் கேள்விக்கு ஆம் என்று நம்பியவர்கள்தான் இந்த வகை விபத்தில் சிக்குகிறார்கள்.

மீட்டர் சொல்வது இப்போது, இந்த வெப்பத்தில், குழாய் முனை இருக்கும் இடத்தில் எவ்வளவு ஆவி என்பதை. டீசலின் தீப்பற்று வெப்பம் 50 டிகிரிக்கு மேல். குளிர்ந்த டேங்கில் அது ஆவியே விடாது, மீட்டருக்குப் பூஜ்யம்தான். அடியில் கசடும் சுவரில் படலமும் இருக்கின்றன. வெளியே ஆர்க் பட்டதும் அந்தத் தகட்டின் உள்பக்கம் படலம் கொதித்து ஆவியாகும், பற்றவைக்கும் சூடு அதே இடத்தில் தயாராக இருக்கும். பூஜ்யம் காட்டி ஐந்து நிமிடத்தில் வெடிக்கலாம்.

இன்னொரு கண்ணி: டேங்கில் நைட்ரஜன் செலுத்தியிருந்தால் வினையூக்கி வகை சென்சாருக்கு எரிக்க ஆக்ஸிஜன் இல்லை, அதனால் ஆவி நிறைய இருந்தாலும் குறைத்தே காட்டும். ஆக்ஸிஜன் அளவை முதலில் படியுங்கள், பிறகு எல்ஈஎல். மீத்தேனில் அளவுதிருத்தம் செய்த மீட்டர் கனமான எண்ணெய் ஆவியை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். சிலிக்கோன் ஸ்ப்ரே பட்ட சென்சார் செத்தே போயிருக்கும், பூஜ்யம் காட்டிக்கொண்டே. ஆகவே அன்றைக்கன்று சோதனை வாயு விட்டுப் பார்க்காத மீட்டரை நம்பக் கூடாது. அளப்பது மேல், நடு, அடி மூன்றிலும். எல்பிஜி, பெட்ரோல், டீசல் ஆவி அடியில் கிடக்கும்.

செய்ய வேண்டியது: கசடைச் சுரண்டி எடுத்து, நீராவியாலோ சோப்புக் கரைசலாலோ கழுவி, உள்ளே பார்த்து உறுதிசெய்து, எல்லா மூடிகளையும் திறந்து வைத்து, வெல்டிங் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை நீர் நிரப்ப வேண்டும். மிச்ச இடத்தில் நைட்ரஜன், ஆக்ஸிஜன் மீட்டரால் தொடர்ந்து பார்த்துக்கொண்டே. கார்பன் டை ஆக்சைடு அணைப்பானைப் பீய்ச்சிக் காற்றை வெளியேற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், அந்தப் பீய்ச்சலில் உறைந்த துகள்கள் நிலைமின்னைச் சேர்க்கும், அதன் பொறியே போதும்.

இரண்டு பக்கமும் அடைத்த கைப்பிடிக் குழாய்க்கும் ஒரு துளை போட்டுவிட்டே வெல்டிங். காலி எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்து வேலை மேசையாக வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

#17 புதுப்பர்மிட்

அனைவருக்கும் நன்றி. இதுவரை முடிவானது: பேண்ட் சாவில் அறுப்பது, பிராக்கெட்டைப் பட்டறையில் பிளேட்டோடு செய்வது. இரண்டு இடத்தில் கிளாம்ப் சரி என்று பொறியாளர் சொல்லிவிட்டார். மற்ற இரண்டில் வெல்டிங் தவிர்க்க முடியாது. அந்தத் தூண்களுக்கும் பேனலுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, திருகு இல்லை, ஃபோம் மஞ்சள்.

இன்னொரு சிக்கல். வெல்டிங் புகைக்கு அலாரம் அடிக்கும் என்று கட்டுப்பாட்டு அறையில் முழு அமைப்பையும் அணைக்கச் சொல்கிறார்கள். ஸ்பிரிங்க்ளர் (தீயில் தானே திறக்கும் நீர்த்தெளிப்பான்) வால்வையும் சேர்த்து.

#18 பொறிகாவலன்

ஸ்பிரிங்க்ளர் வால்வில் யாரும் கை வைக்கக் கூடாது. நீர் இல்லாத நேரத்தில் நெருப்பு வேலை கிடையாது, பர்மிட் அங்கேயே முடிகிறது. சூடு படும் தூரத்தில் ஒரே ஒரு தலை இருந்தால் அதை மட்டும் ஈரத்துணியால் சுற்றி, முடிந்ததும் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தவர் பெயர் பர்மிட்டில்.

புகை டிடெக்டரில் அந்த வட்டாரத் தலைகளை மட்டும் விலக்கலாம். விலக்கிய எண், நேரம், மீட்ட நேரம் எழுத வேண்டும். 60 நிமிடக் காவல் முடிந்ததும் உடனே மீட்க வேண்டும். அடுத்த 3 மணி நேரச் சுற்றுப் பார்வையில் அதுதான் உங்களுக்குத் துணை.

1942 பிப்ரவரி 9 அன்று நியூயார்க் துறையில் நார்மண்டி கப்பலில் டார்ச் பொறி இலவம் போன்ற கபோக் பஞ்சு அடைத்த உயிர்காப்பு அங்கிக் குவியலில் விழுந்தது. மாற்று வேலைக்காகக் கப்பலின் தீயணைப்பு அமைப்பை முடக்கி வைத்திருந்தார்கள். கரையிலிருந்து வந்த ஹோஸ் கப்பலின் பிரெஞ்சு இணைப்பில் பொருந்தவில்லை. அடித்த நீர் ஒரு பக்கம் சேர்ந்து மறுநாள் கப்பல் சாய்ந்து கவிழ்ந்தது. உங்கள் ஹோஸ் முனை ஹைட்ரண்டில் பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்த்துவிட்டீர்களா?

#19 புதுப்பர்மிட்

இன்னும் இல்லை. பர்மிட் வரைவு இது, திருத்திச் சொல்லுங்கள்:

இடம்: மெஸனைன், தூண் 3, தூண் 4 மட்டும். வேலை: ஆர்க் வெல்டிங், கிரைண்டிங். காஸ் கட்டர் அனுமதி இல்லை.
நேரம்: காலை 9 முதல் 12 வரை. இடைவேளை இல்லை.
11 மீட்டருக்குள்: அட்டை ரேக் (போர்வை, விளிம்பு செருகியது), ஃபோம் பேனல் (இரண்டு அடுக்குச் சிலிகா), கேபிள் ட்ரே (தூசி எடுத்தது, போர்வை). தூணுக்கு அடியில் மணல் தட்டு.
காவல்: மூவர். கடைசிப் பொறியிலிருந்து 60 நிமிடம். பிறகு 30 நிமிடத்துக்கு ஒருமுறை, 3 மணி நேரம்.
கையொப்பம்: மேற்பார்வையாளர், வெல்டர்.

#20 ஈரச்சாக்கு

மூன்று திருத்தம். காவலர் மூவரும் கையொப்பம் இட வேண்டும், அலுவலகத்தில் அல்ல, மேடையில் நின்று. எலக்ட்ரோடு கட்டை போட உலோகக் குப்பி ஒன்று வெல்டரின் இடுப்புக்கு அருகில் கட்டியிருக்க வேண்டும், அந்தச் சிவந்த கட்டை கீழே விழுந்தால் எந்தச் சொட்டையும்விடக் கனம். மணல் தட்டை இறக்குவது 60 நிமிடத்துக்குப் பிறகு, அதற்குள் இறக்கிக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போவார்கள்.

#21 கேஸ்மீட்டர்

பேனலுக்குப் பின்னால் நிற்பவர் அந்தப் பக்கத்துக் கதவுச் சாவியை வாங்கிவிட்டாரா என்று ஒரு வரி சேருங்கள். பூட்டிய அறைக்கு வெளியே நின்று காவல் காப்பதையும் பர்மிட்டில் காவல் என்றுதான் எழுதுவார்கள்.

#22 புதுப்பர்மிட்

சேர்த்துவிட்டேன். ஹோஸை மாட்டிப் பார்த்தாயிற்று. முனை பொருந்துகிறது, ஆனால் 20 மீட்டர் ஹோஸ் ரேக்கின் பின்புறத்துக்கு எட்டவில்லை. இன்னொன்று இணைத்துத்தான் வேலை தொடங்கும்.